கோபம் குடித்த தண்ணீர்

எல்வீரா டீச்சர் சகாத்லான் ஊர் நடுநிலைப் பள்ளியில் வருஷா வருஷம் அறிவியல் முறையைச் சொல்லிக்கொடுத்தாள். ஒரு வருஷம்கூட அதைச் செய்து பார்த்ததில்லை. அதற்குத் தேவையும் வரவில்லை. வகுப்புச் சுவரில் ஓர் அட்டை தொங்கியது. அதில் ஆறு படி வைத்த ஏணி, ஏணியின் உச்சியில் தாடி வைத்த ஒருவர், அவர் கையில் புகைகிற கண்ணாடிக் குடுவை. கவனி, கேள்வி கேள், ஊகம் செய், சோதித்துப் பார், முடிவு சொல், ஊருக்கு அறிவி. பிள்ளைகள் அதைப் பார்த்து எழுதுவார்கள், ஏணிக்குக் கலர் அடிப்பார்கள், பரீட்சையில் மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். மூன்றாவது படியை நான்காவதாக எழுதிய பிள்ளைக்கு மதிப்பெண் கிடையாது. அந்தத் தாடிக்காரர் குடுவைக்குள் அப்படி என்னதான் வைத்திருக்கிறார் என்று ஒரு பெண் எழுந்து கேட்டபோது, அது பரீட்சைக்கு வராது, உட்கார் என்று சொல்லிவிட்டாள். பிழைப்பு நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டில்தான் ஓடவில்லை. மாமியார் செனைடாவின் அடுக்களையில் எல்வீராவுக்கு ஒரு பெயர் இருந்தது. பித்தக்காரி, அதாவது தொட்டதற்கெல்லாம் கோபப்படுகிறவள். அவள் கல்யாணமாகி அந்த வீட்டில் கால் வைத்த நாளிலிருந்து, அவள் பக்கத்தில் இருக்கும்போது ஏற்றிய தமால் பானை எதுவும் உருப்படியாக இறங்கியதில்லை என்பது செனைடாவின் வழக்கு. அந்த வழக்கில் வக்கீலும் அவள்தான், நீதிபதியும் அவள்தான்.

தமால் ஒன்றும் மாய வித்தை இல்லை. மக்காச்சோள மாவைப் பன்றிக்கொழுப்போடு தோள் வலிக்கப் பிசைந்து, நடுவில் கோழியும் மிளகாய்க் குழம்பும் வைத்து, சோளக் கதிரின் உறையில் சுற்றி ஆவியில் வேகவைப்பது. ஆனால் அதற்கு ரோஷம் அதிகம். அது வேகிற அடுக்களையில் யாராவது கோபப்பட்டால் வேகாது, பாதி வெந்து பாதி பச்சை மாவாகத் திட்டுத்திட்டாக நிற்கும். எங்கள் பக்கத்தில் இது பால்குடி மறக்காத குழந்தைக்கும் தெரியும். அதனால்தான் பானையின் இரண்டு காதிலும் சோள உறையைக் கிழித்து முடிச்சுப் போட்டு வைக்கிறார்கள், வீட்டுச் சண்டை அதன் காதில் விழக் கூடாது என்று. அடியில் தண்ணீருக்குள் ஒரு பழைய காசும் கிடக்கும். தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கிறவரை காசு கடகடவென்று ஆடிக்கொண்டிருக்கும், சத்தம் நின்றால் தண்ணீர் வற்றுகிறது, இன்னும் ஊற்று என்று அர்த்தம். காசு வெறும் சமையல் வசதி என்பதால் அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. பேச்செல்லாம் கோபத்தைப் பற்றித்தான்.

போன வருஷம் மெழுகுதிரித் திருநாளன்று மூடியைத் திறந்தால் பச்சை மாவு. பானையின் அடி கருகிக் கிடந்தது. செனைடா அந்தக் கருகலை முற்றத்துக்குத் தூக்கிவந்து தெருவுக்கே காட்டினாள்.

"நல்லாப் பாத்துக்கோங்க. தண்ணி ஊத்தித்தானே வெச்சேன், எங்க போச்சு? இவ கோபம் குடிச்சிருச்சு. குடிச்சது பத்தாதுன்னு அடியையும் எரிச்சிருக்கு."

தெரு மொத்தமும் தலையை ஆட்டியது. எல்வீரா அன்றைக்குக் கோபப்பட்டது என்னவோ உண்மை. உனக்குப் பிசையத் தெரியாது, மடிக்கத் தெரியாது, அடுப்பு முன்னால் நிற்கக்கூடத் தெரியாது என்று ஒருத்தி காலையிலிருந்து காதுக்குள்ளேயே ஓதிக்கொண்டிருந்தால் கல்லுக்கும் கோபம் வரும். அதை யாரிடம் போய்ச் சொல்வது?

இந்த வருஷம் விஷயம் முற்றிவிட்டது. மூன்று ராஜாக்கள் திருநாளில் வளைய ரொட்டியை வெட்டியபோது, உள்ளே ஒளித்து வைத்திருந்த பொம்மை எல்வீராவின் துண்டிலிருந்து எட்டிப் பார்த்தது. பொம்மை யாருக்கு வருகிறதோ அவர்தான் மெழுகுதிரித் திருநாளுக்குத் தமால் விருந்து போட வேண்டும், அதில் பேரம் கிடையாது.

"போச்சு," என்றாள் செனைடா. "இந்த வருஷமும் தெரு முழுக்கப் பச்சை மாவு."

"நாம பேசாம கடையில வாங்கிடலாம்மா," என்றாள் நாத்தனார் மக்லோவியா. உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்காமல் தீர்க்கக்கூடிய எந்தப் பிரச்சினைக்கும் மக்லோவியாவிடம் வழி உண்டு.

"கடையிலயா? என் வீட்டுலயா? அதெல்லாம் வேண்டாம். மாவும் கோழியும் இவ பேர்ல இருக்கட்டும், சமைக்கிறது நாம. அன்னிக்குக் காலைல இவ அவங்க அக்கா வீட்டுக்குக் கிளம்பிடட்டும். எல்லாரும் சாப்ட்டுக் கை கழுவினதும் வரட்டும்."

எல்வீரா புருஷனைப் பார்த்தாள். ஹெனாரோ இரும்புக்கடை வைத்திருக்கிறவன், சுத்தியலுக்கும் ஆணிக்கும் நடுவில் விரலைக் கொடுக்காமல் பிழைக்கக் கற்றவன்.

"ஒரு நாள்தானேம்மா," என்றான் அவன், யாருக்குச் சொல்கிறோம் என்பது யாருக்கும் தெரியாதபடி.

அவள் போடுகிற விருந்தில் அவளுக்கே இலை கிடையாது. இப்போது மட்டும் போய்விட்டால், சாகிற வரைக்கும் அந்தத் தெருவில் பித்தக்காரிதான், கல்லறையில்கூட அதைத்தான் எழுதுவார்கள் என்று எல்வீராவுக்குத் தோன்றியது.

"நான் எங்கயும் போகமாட்டேன். என் கோபத்துக்கும் தமாலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லன்னு நிரூபிக்கிறேன். அறிவியல் முறைப்படி."

"அது என்னடா முறை?" செனைடா மகனிடம் கேட்டாள்.

"ஏணிம்மா. இவ வகுப்புல மாட்டியிருக்காளே. நான்தான் ஆணி அடிச்சுக் கொடுத்தேன்."

"ஓகோ. ஏணி." செனைடா மருமகள் பக்கம் திரும்பினாள். "சரி, நிரூபிச்சுட்டேன்னு வெச்சுக்குவோம். அப்புறம்?"

"திருநாளன்னிக்குத் தெரு முன்னால நீங்க எழுந்து நின்னு சொல்லணும் அத்தை. தமால் வேகாம போனதுக்கு எல்வீராவோட கோபம் காரணம் இல்லன்னு."

"முடியலன்னா?"

"நான் எழுந்து நின்னு எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேக்குறேன். இந்த அடுக்களைல பானை ஏத்துற அன்னிக்கெல்லாம் வெளிய போயிடுறேன்."

"சாகுற வரைக்கும்?"

"சாகுற வரைக்கும்."

செனைடா வாயைத் துடைத்துக்கொண்டு இன்னொரு துண்டு ரொட்டியை எடுத்தாள். போட்டி முடிந்து பரிசும் வாங்கிவிட்டவள் போல நிதானமாக மென்றாள்.

ஒரு சனிக்கிழமை சோதனை. ஒரே மாவு, ஒரே கோழி, சுற்றியதும் ஒரே கை. ஒரு பானை அடுக்களையில், இன்னொன்று பின்பக்கம் விறகுக் கொட்டகையில். அடுக்களைப் பானையின் பக்கத்தில் எல்வீரா கோபமாக உட்கார வேண்டும். கொட்டகைப் பானையின் பக்கத்தில் மக்லோவியா சும்மா உட்கார வேண்டும். சும்மா உட்காருவது மக்லோவியாவுக்குக் கைவந்த கலை, ஒரு பின்னல் வேலையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வந்த சங்கடம் என்னவென்றால், எல்வீராவுக்குக் கோபம் வரவில்லை. இத்தனை வருஷம் கூப்பிடாமலே வந்த கோபம், கூப்பிட்டதும் வர மறுத்தது. உண்மையைச் சொன்னால் அவள் குஷியாக இருந்தாள். ஒரு சோதனை. அவளே வைத்தது. தாடியும் குடுவையும்தான் பாக்கி.

ஹெனாரோ உதவிக்கு வந்தான். "உன் பீன்ஸ் எங்கம்மா பீன்ஸ் மாதிரி வராது."

"தெரியும்."

"கல்யாணத்தன்னிக்கு உங்கப்பா குடிச்சுட்டு எங்க மாமாவைத் திட்டினாரு."

"உங்க மாமாவை யாரு திட்டல?"

"நகருடா," என்றாள் செனைடா. "ஒரு பொம்பளைக்குக் கோபம் வரவைக்கக்கூடத் துப்பு இல்ல." முக்காலியை இழுத்துப்போட்டு மருமகளுக்கு எதிரில் உட்கார்ந்தாள். "ஏன் டீச்சரம்மா, இத்தனை வருஷமா அந்த ஏணியைக் காட்டிச் சம்பளம் வாங்குறியே. நீ அதுல ஒரு படியாவது ஏறியிருக்கியா?"

அடி சரியான இடத்தில் விழுந்தது. அப்புறம் கோபப்பட எல்வீராவுக்கு யார் உதவியும் தேவைப்படவில்லை. பீன்ஸில் ஆரம்பித்து, கல்யாணச் செலவுக்குப் போய், செத்துப்போன மாமனாரின் தொப்பியை யார் தொலைத்தது என்பதுவரை வந்து, மறுபடி பீன்ஸுக்கே திரும்பினார்கள். பக்கத்து வீட்டு நாய்கள் குரைக்க ஆரம்பித்தன. ஹெனாரோ கடையில் வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டுக் கழன்றுகொண்டான். நேரம் போனதே இருவருக்கும் தெரியவில்லை, சுகமான சண்டை.

பானைகளை இறக்கித் திறந்தார்கள். கொட்டகையில் வெந்தது உறையிலிருந்து அழகாகக் கழன்று வந்தது. அடுக்களையில் வெந்தது, வேகவே இல்லை. திட்டுத்திட்டாக மாவு, அடியில் கருகல்.

செனைடா கருகின பானையை மருமகளின் மூக்குக்குக் கீழே பிடித்தாள்.

"இந்தப் பானை பழசு," என்றாள் எல்வீரா.

"ம்."

"கொட்டகைல காத்து இல்ல. இங்க ஜன்னல் வழியா மலைக் காத்து அடிக்குது. அடுப்பும் ஒரே மாதிரி எரியல. மாவுல பாத்தீங்கன்னா, அடில இருந்தது கெட்டியா இருந்திருக்கும், அதான் இந்தப் பானைக்கு வந்திருக்கு."

"டீச்சரம்மா," என்றாள் செனைடா. "உன் ஏணில ஆறு படின்னுதானே சொன்ன? இது எத்தனாவது படி, சாக்குச் சொல்றது?"

ஜெயிப்பதற்காகச் சாக்குச் சொல்கிறவள் மாமியார்தான் என்று எல்வீரா அதுவரை நினைத்திருந்தாள்.

திங்கட்கிழமை வகுப்பில் பிள்ளைகள் ஏணிக்குக் கலர் அடித்துக்கொண்டிருந்தபோது அவள் முதல் தடவையாக அந்த அட்டையை உட்கார்ந்து படித்தாள். பாடப்புத்தகத்தில் எந்தச் சோதனையும் தோற்றதே இல்லை. விடை கடைசிப் பக்கத்தில் தயாராக இருக்கும், சோதனை அந்த விடைக்கு நடந்துபோய்ச் சேர்ந்துவிடும். நினைத்தது நடக்காவிட்டால் எந்தப் படிக்கு இறங்குவது என்று இந்த ஏணியில் ஒரு வார்த்தை கிடையாது. தாடிக்காரர் உச்சிக்குப் போனவர் போனவர்தான், ஒருநாளும் இறங்கியதாகத் தெரியவில்லை. இந்தக் குப்பையைத்தானா இத்தனை பிள்ளைகளுக்குக் கலர் அடிக்கக் கொடுத்தோம் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

வீட்டுக்குப் போய், மறுபடியும் வைக்கலாம் அத்தை என்றாள். செனைடாவுக்குக் கொள்ளை மகிழ்ச்சி. ஜெயிக்கிற ஆட்டத்தை யார்தான் இன்னொரு தடவை ஆடமாட்டார்கள்? இந்தத் தடவை பழைய பானை கொட்டகைக்கு, புதுப் பானை அடுக்களைக்கு. ஜன்னலைச் சாத்தினார்கள். மாவை மறுபடி கிளறிப் பங்கு போட்டார்கள். அடுப்பையும் மாற்றி வைத்தார்கள். சண்டைக்கு மட்டும் பஞ்சமில்லை, தொப்பி விவகாரம் பாதியில் நின்றிருந்தது.

அடுக்களைப் பானை மறுபடி பச்சை மாவு. கொட்டகைப் பானை மறுபடி பிரமாதம். எல்வீரா சொன்ன சாக்குகள் ஒவ்வொன்றாகச் செத்து விழுந்தன, அதுவும் அவள் கையாலேயே. ராத்திரி படுத்தபோது நிஜமாகவே பயம் வந்தது. ஒருவேளை இந்தக் கிழவி சொல்வது சரிதானோ? நமக்குள்ளே அப்படி ஏதோ ஒரு கசப்பு இருந்து, அது பானைக்குள் இறங்குகிறதோ? அழுகை வந்தது, ஆனால் ஹெனாரோ குறட்டை விட்ட சத்தத்தில் அதுகூடச் சரியாக வரவில்லை.

திருநாளுக்கு முந்தின வாரம் மூன்றாவது தடவை வைத்தார்கள். அன்று காலையில் ஹெனாரோ காலை உணவுக்கு நடுவில் சாவகாசமாகச் சொன்னான்:

"பந்து ஆடப் போன இடத்துல பசங்ககிட்டச் சொல்லிட்டேன், திருநாளன்னிக்கு நீ மன்னிப்புக் கேக்கப் போறேன்னு. எல்லாரும் வராங்களாம். நாற்காலி பத்தாது, எடுத்துட்டு வரச் சொல்லியிருக்கேன்."

எல்வீராவுக்கு அதுவரை வந்ததெல்லாம் கோபமே இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. வாயைத் திறந்தால் என்ன வரும் என்று அவளுக்கே தெரியாததால் திறக்கவில்லை. அடுக்களைப் பானையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். செனைடா பீன்ஸ் என்றாள், பதில் இல்லை. தொப்பி என்றாள், பதில் இல்லை. ஏணி என்றாள், அதற்கும் இல்லை. சண்டைக்கு இரண்டு வாய் வேண்டும், ஒரு வாயை வைத்துக்கொண்டு செனைடாவாலும் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்க முடியும்? அவளும் அலுத்துப்போய் மிளகாய் கிள்ள உட்கார்ந்துவிட்டாள்.

அடுக்களை அமைதியானது. அந்த அமைதியில் எல்வீராவுக்குப் பானைக்குள் காசு ஆடுகிற சத்தம் கேட்டது. கடகட, கடகட. அவள் அந்த வீட்டில் தமால் நாளன்று அதைக் கேட்டதே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அதையே கேட்டுக்கொண்டிருந்தாள், வேறு எதையாவது நினைத்தால் புருஷன் மண்டையில் எதையாவது போட்டுவிடுவாள் போலிருந்தது. கொஞ்ச நேரத்தில் சத்தம் தேய்ந்தது. நின்றது. அவள் யோசிக்காமல் எழுந்துபோய் ஒரு குவளை வெந்நீரை ஊற்றினாள். கடகட மறுபடி ஆரம்பித்தது. ஊற்றின கை அப்படியே நின்றுவிட்டது.

மூடியைத் திறந்தால், அத்தனையும் பூப்போல வெந்திருந்தது.

"காசு அத்தை," என்றாள் எல்வீரா. "கோபம் இல்ல. நாம கத்துற கத்துல காசு நின்னது யாருக்கும் காதுல விழல. தண்ணி வத்திப்போச்சு, ஆவி நின்னுபோச்சு. கொட்டகைல மக்லோவியா சும்மா இருந்தா, அவளுக்குக் கேட்டுது, ஊத்தினா. அவ்வளவுதான்."

"ஆமா, ஊத்தினேன்," என்றாள் மக்லோவியா வாசலிலிருந்து. "எழுந்து எழுந்து இடுப்பே போச்சு."

"தண்ணி வத்துறது எனக்குத் தெரியாதா?" என்றாள் செனைடா. "நான் அதைத்தானே தொண்டை கிழியக் கத்துறேன். யாரு குடிச்சா? உன் கோபம்."

"இன்னிக்கு எனக்கு வந்த மாதிரி கோபம் ஜென்மத்துல வந்ததில்ல அத்தை. இன்னிக்கு ஏன் குடிக்கல?"

"நீதான் வாயே திறக்கலையே. உள்ளுக்குள்ள வெச்ச கோபம் பானைக்கு எப்படித் தெரியும்? அதுக்குத்தான் காதைக் கட்டி வெச்சிருக்கேன்."

எல்வீரா தலையில் கை வைத்தாள். இந்த அம்மாளுக்குத் தோற்கிற வழியே இல்லை. வேகாவிட்டால் கோபம், வெந்தால் கோபம் பானைக்குத் தெரியவில்லை. எந்தப் பக்கம் விழுந்தாலும் கால் கீழே, தலை மேலே. தன் பாடப்புத்தகமும் இதே ஜாதிதானே என்று எண்ணியபோது அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. இவளைத் தோற்கடிக்க வேண்டுமென்றால், என்ன நடந்தால் தோற்றதாக அர்த்தம் என்பதை முன்கூட்டியே இவள் வாயால் சொல்லவைக்க வேண்டும்.

"சரி அத்தை. கோபமே இல்ல, வீடு முழுக்கச் சந்தோஷம், ஆனா பெரிய சத்தம். அப்ப வேகுமா வேகாதா?"

"சந்தோஷமா இருந்தா ஏன் வேகாது? ஜம்முனு வேகும்."

"நிச்சயமா?"

"கன்னிமாதா மேல சத்தியமா."

"வேகலன்னா நீங்க தெரு முன்னால எழுந்து நிக்கணும்."

"நின்னுட்டாப் போச்சு," என்றாள் செனைடா.

திருநாளன்று வீட்டிலிருந்த குழந்தை ஏசு சிலைக்குப் புதுச் சட்டை போட்டுக் கோயிலுக்குத் தூக்கிப்போய் மந்திரித்துக்கொண்டு வந்தார்கள். எல்வீரா வாத்தியக்காரர்களை ஏற்பாடு செய்திருந்தாள், ஊரிலேயே பெரிய ஊதுகுழல் வைத்திருக்கிற கூட்டம். முற்றத்தில் இரண்டு அடுப்பு, இரண்டு பெரும் பானை. ஹெனாரோவின் பந்தாட்டச் சிநேகிதர்கள் நாற்காலியோடு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்டார்கள், மன்னிப்பு நன்றாகத் தெரிய வேண்டுமே.

எல்வீரா நடுவில் வந்து நின்றாள். "இன்னிக்கு இங்க யாருக்காவது யார்மேலயாவது கோபம் உண்டா?"

யாருக்கும் இல்லை.

"அத்தை, உங்களுக்கு?"

"எனக்கென்ன கோபம்? நான் ஜெயிக்கப் போறேன்."

"என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லுங்க. எனக்கு?"

செனைடா பார்த்தாள். "உனக்கும் இல்ல. பொண்ணு பாக்க வந்தப்பகூட நீ இப்படிப் பூரிச்சு நிக்கல."

"நல்லது. ரெண்டு பானைல உங்களுக்கு எது வேணும்னு நீங்களே எடுத்துக்குங்க. எப்பவும் போலக் காதால கேட்டுத் தண்ணி ஊத்துங்க. இன்னொண்ணை நான் பாத்துக்குறேன், பானைமேல துணி போட்டுக் கையை வெச்சுக் காசு ஆடுதான்னு பாத்து ஊத்துறேன்." எல்வீரா தெருவைப் பார்த்துத் திரும்பினாள். "இப்பவே சொல்லிடுறேன், அப்புறம் சொன்னேன்னு யாரும் பேசக் கூடாது. என் பானை வேகும். அத்தையோட பானை வேகாது."

தெரு ஓவென்று சிரித்தது. செனைடா கொய்யாமரத்தடிப் பானையை எடுத்துக்கொண்டாள். வாத்தியம் ஆரம்பித்தது.

சகாத்லான் மலைகளே ஆடுகிற சத்தம். பெரிய ஊதுகுழல் ஒவ்வொரு தடவை உறுமும்போதும் ஓட்டுக்கூரை அதிர்ந்தது. மக்லோவியாகூட எழுந்து ஆடினாள். செனைடா கொஞ்ச நேரம் பானைப் பக்கம் காதைச் சாய்த்துப் பார்த்தாள், அப்புறம் யாரோ கையைப் பிடித்து இழுக்க, முந்தானைத் துணியை இடுப்பில் செருகிக்கொண்டு அவளும் ஆடப் போய்விட்டாள். எல்வீரா தன் பானைமேல் கை வைத்திருந்தாள். உள்ளே காசு துடிப்பது உள்ளங்கைக்குத் தெரிந்தது. நின்றபோதெல்லாம் ஊற்றினாள்.

மாமியாரின் பானை மூடியிலிருந்து வந்த ஆவி மெலிந்துகொண்டே வந்ததையும் அவள் பார்த்தாள். அப்புறம் வரவே இல்லை. குவளை அவள் கையில்தான் இருந்தது. இரண்டு எட்டு வைத்தால் கொய்யாமரம். ஊற்றிவிட்டால் தெரு முழுக்கச் சாப்பிடும், செனைடா ஜெயிப்பாள், தான் கடைசிவரை பித்தக்காரி. ஊற்றாவிட்டால் அவள் பெயர் மீளும், பாதித் தெரு பசியோடு வீட்டுக்குப் போகும், அதுவும் அவள் போடுகிற விருந்தில். ஒரு தடவை எழுந்துகூட விட்டாள். பிறகு, முதல் வரிசையில் நாற்காலிபோட்டுக் காத்திருந்தவர்களைப் பார்த்தாள், உட்கார்ந்துவிட்டாள். அறிவியலுக்காக என்று சொல்லிக்கொண்டாள். அறிவியல் கால் பங்கு, வன்மம் முக்கால் பங்கு.

வாத்தியம் நின்றது. பானைகளைத் திறந்தார்கள். எல்வீராவின் பானையில் அத்தனையும் வெந்திருந்தது. கொய்யாமரத்தடிப் பானையில் பச்சை மாவு. அடி கருகிப் புகைந்தது.

எல்வீரா கருகின பானையை இரண்டு கையாலும் தூக்கி, போன வருஷம் மாமியார் தூக்கின அதே உயரத்துக்குக் காட்டினாள்.

"இன்னிக்கு யாருக்குக் கோபம்? அத்தை சந்தோஷமா ஆடிட்டிருந்தாங்க, எல்லாரும் பாத்தீங்க. தண்ணியை யாரு குடிச்சா?"

செனைடா கையைத் துணியில் துடைத்தாள். வியர்வையையும் துடைத்தாள். எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு நடுவில் வந்து நின்றாள். ஆயிரம் குறை சொல்லலாம், வாக்குத் தவறுகிறவள் என்று யாரும் சொல்ல முடியாது.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. தமால் வேகாம போனதுக்கு இவ கோபம் காரணம் இல்ல. இத்தனை வருஷமா நான் சொன்னது தப்பு. இனிமே இவளை யாரும் பித்தக்காரின்னு சொல்லக் கூடாது."

எல்வீராவுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. பானையைக் கீழே வைத்தாள்.

"கோபம் இல்ல," என்றாள் செனைடா. "கண்ணு. காலைல உங்க எல்லார் முன்னாலயும் என் பானையைப் பாத்து, இது வேகாதுன்னு சொன்னா. சொன்ன மாதிரியே ஆச்சு, ஒரு பிசகு இல்ல. கோபத்துக்கு ஏதுங்க அவ்வளவு கச்சிதம்? இது கண்ணுதான்."

தெரு மொத்தமும் தலையை ஆட்டியது. முதல் வரிசையில் ஒருவன் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான், ஒரு தாய் பிள்ளையின் முகத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

எல்வீரா நின்ற இடத்திலேயே நின்றாள். கவனித்தாயிற்று, கேட்டாயிற்று, ஊகித்தாயிற்று, சோதித்தாயிற்று, முடிவும் சொல்லியாயிற்று. ஊருக்கும் அறிவித்தாயிற்று. ஊர் என்ன செய்யும் என்று மட்டும் அந்தத் தாடிக்காரன் சொல்லவே இல்லை. அவளுக்கு ஓவென்று கத்த வேண்டும் போலிருந்தது, அப்படிக் கத்தினால் அதற்கும் ஒரு விளக்கம் தயாராக இருக்கும் என்று நினைத்ததும் கோபம் வடிந்து, உள்ளே எங்கேயோ ஒரு பிடிவாதம் மட்டும் மிஞ்சியது.

"கண்ணா? சரி அத்தை," என்றாள். "வர்ற சனிக்கிழமை என் கண்ணைக் கட்டிட்டு வெச்சுப் பாத்துடுவோம்."

"வெச்சுப் பாத்துடுவோமே. எனக்கென்ன பயம்?" செனைடா கருகின பானையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டாள். அதைத் தேய்க்க மணல் தேடிப் போனவள், பாதி வழியில் திரும்பி நின்றாள்.

"ஆனா இந்த ஊதுற பசங்க வேண்டாம். காசு நிக்கிறது காதுல விழமாட்டேங்குது."